கரண்டு வைக்கும் முன்

"பனவடலிக்கா? இதுல ஏறாத மக்கா. இது பாயின்ட் டு பாயின்ட், அங்கன நிக்காது. அந்தா பின்னால நிக்கி பாரு, சாதா வண்டி, அதுல ஓடிப் போயி ஏறு."

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் காலை நேரத்தில் இந்தக் குரலைக் கேட்கலாம். கரகரத்துப் போன குரல்தான், ஆனாலும் இரைச்சலைத் தாண்டி வந்துவிடும். வண்டிகளில் கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரன் என்றைக்குப் பலகையை நம்பினான்? டீக்கடையில் ஒருவர், பழக்கடையில் ஒருவர், போகிற போக்கில் ஒருவர் என்று மூன்று பேரிடம் கேட்பான். இரண்டு பேர் ஒத்துச் சொன்னால் ஏறி உட்கார்ந்துவிடுவான். அந்த மூவரில் ஒருவராகச் சண்முகையா அண்ணாச்சி எப்படியும் இருப்பார்.

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். முக்கால்வாசி சர்வீஸ் திருநெல்வேலி தடத்தில். இன்றைக்கும் எதைப் பிரித்தாலும், செய்தித்தாளோ வாழையிலையோ, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். சாப்பாட்டை நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். உட்கார்ந்தால் இறங்காதாம். "வீட்டுக்குள்ளயும் வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கு" என்று அவர் மனைவி தங்கத்தாய் அலுத்துக்கொள்வார்.

அண்ணாச்சியின் சொத்து ஞாபகம். கல்லூரிக் காலத்தில் தேவர்குளத்தில் ஏறிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய அதிசயம். முகத்தைப் பார்த்ததும் இறங்குமிடத்தைச் சொல்லிவிடுவார். அதோடு விடுவாரா? "ஒங்க அம்மைக்கு முட்டுவலி எப்பிடி இருக்கு?", "மெட்ராஸ்ல இருந்து தம்பி வந்துட்டானா?" என்று டிக்கெட்டோடு ஒரு விசாரிப்பும் கிழித்துக் கொடுப்பார். முன்னால் மல்லிகை மூட்டை, பின்னால் கருவாட்டுக் கூடை, நடுவில் ஒற்றைக்கால் தவத்தில் நாங்கள். வேர்வையில் நசநசத்துக்கொண்டு போன அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. இன்று வண்டியில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது, விசாரிக்கத்தான் ஆளில்லை.

வண்டி ஒரு நடை போய்ச் சேர்கிற இடத்திலெல்லாம் அண்ணாச்சிக்கு ஒரு சிகரெட் வேண்டும். போன வருசம் இருமலில் ரத்தம் வந்தது. திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். "நான் இழுத்ததுதான். வேற எவம் மேல பழியப் போட?" என்று இப்போது சொல்கிறார். அன்றைக்கு அவரிடம் யாரும் சொல்லவில்லை. தங்கத்தாயும் மகன் லிங்கேஷும் டாக்டரம்மாவிடம் கண்ணைக் காட்டி, அவரை வெளியே உட்காரவைத்தார்கள். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதானே. நோய் ஒருவருக்கு, விவரமெல்லாம் மற்றவர்களுக்கு.

அண்ணாச்சி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "டாக்டரம்மா, நான் ஏறியிருக்க வண்டி எங்கன போகுதுன்னு எனக்குத் தெரியணும்லா?"

அந்த அம்மா நல்ல மாதிரி. நாற்காலியைக் காட்டிப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். நுரையீரல் புற்றில் பல வகை உண்டு. இது சின்னச் செல் வகை, வேகமாகப் பரவும். நல்லவேளையாக நெஞ்சின் ஒரு பக்கத்தோடு நிற்கிறது. மருந்து ஏற்றி, கரண்டும் வைத்தால் சுருங்கும். ஆனால் திரும்பி வரக்கூடிய நோய். கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்டு என்றுதான் சொல்வோம்.

சுருங்கியது. முடி கொட்டி, வாய் புண்ணாகி, ரசம் சோற்றைக் கூட விழுங்க முடியாமல் கிடந்து எழுந்தார். ஸ்கேன் நன்றாக வந்த அன்று கோமதியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தார் தங்கத்தாய். ஆச்சு, பிழைத்தோம் என்று மூச்சு விடும்போது டாக்டரம்மா அடுத்ததைச் சொன்னார். இந்த நோய்க்குத் தலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் புத்தி உண்டு. முன்கூட்டியே தலைக்கும் கரண்டு வைத்தால் அந்த ஆபத்து குறையும். ஆனால் ஞாபகசக்தி கொஞ்சம் மங்கலாம். வேண்டாமென்றால் அவ்வப்போது தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே வரலாம், அதுவும் ஒரு வழிதான். "யோசிச்சுச் சொல்லுங்க."

மங்கலாம் என்ற சொல்லில் அண்ணாச்சி ஆடிப்போனார். மனுசனிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

ஊர் வழக்கப்படி மூன்று பேரிடம் கேட்டார். மருந்துக்கடைக்காரர், "நெஞ்சுல உள்ளதுக்குத் தலையில எதுக்குவே?" என்றார். லிங்கேஷ் கோயம்புத்தூரிலிருந்து, யாரோ ஒருவர் முள்சீத்தா இலைக் கசாயம் குடித்தே குணமான வீடியோவை அனுப்பினான். அந்த யாரோ மட்டும் என் கையில் கிடைக்கட்டும்! மூன்றாவது, அடுத்த வீட்டுக் கதீஜம்மாள். மார்பில் புற்று வந்து, தப்பி, நன்றாக நடமாடுகிறவர். "எனக்குத் தலைக்கு ஒண்ணும் வைக்கலியே அண்ணாச்சி" என்றார். மூவரும் ஒத்துச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அதுதான் வேண்டியிருந்தது. கரண்டும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம் என்று, போகச் சொன்ன நாளில் திருநெல்வேலிக்குப் போகவில்லை.

விசயம் தெரிந்ததும் கதீஜம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். "யா அல்லாஹ்! எனக்கு வந்தது மார்புல, ஒங்களுக்கு வந்தது நொரையீரல்ல. நீங்க கேட்டீக, நான் என் கதையச் சொன்னேன். ஏங் கதைய நம்பி ஒங்க உசுர வைப்பீகளா? நாளைக்கு ஒண்ணுன்னா நான் எப்பிடித் தாங்குவேன்? கெளம்புங்க மொதல்ல!"

மறுநாளே போனார்கள். அண்ணாச்சி திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார். எதெல்லாம் மறக்கும்? தங்கத்தாய மறந்துருவனா? எவ்வளவு மங்கும், யாருக்கு மங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பொய் சொல்லி ஆறுதல் கொடுக்காத அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்துத் தங்கத்தாய்தான் பேச்சை முடித்தார். "மறந்தா நான் எடுத்துச் சொல்லுதேன். நீங்களே இல்லன்னா நான் யாருக்குச் சொல்ல?"

"ஒனக்கு என்னட்டி தெரியும்? நீ என் வண்டியில ஏறுனதே கெடையாதே."

"அப்ப சொல்லிக்குடுங்க."

கரண்டு தொடங்குவதற்கு முந்திய சாயங்காலங்களில் அந்த வீட்டில் நடந்தது அதுதான். ஒரு நாள் நானும் உட்கார்ந்து கேட்டேன். தங்கத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நின்றபடியே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மேலநீலிதநல்லூர்க்காரரு ஒருத்தரு. வலது காலச் சாய்ச்சு நடப்பாரு. மகள ராயகிரியில குடுத்திருக்கு."

"மூத்தவளையா, எளையவளையா?"

"எளையவ. மூத்தவ டீச்சரு."

"டீச்சருக்குக் கல்யாணம் ஆகிட்டா?"

"அட இவ ஒருத்தி! அது வேற கதைட்டி, கேளு."

இத்தனை வருசக் குடித்தனத்தில் அவர்கள் இவ்வளவு பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். பொழுது விடியுமுன் போய், அடைந்தபின் திரும்பி, சம்பளக் கவரை நீட்டிவிட்டுத் தூங்கிய மனிதர், தன் வாழ்நாளையே இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை போட்டதைச் சொல்லும்போது இருவரும் சிரித்த சிரிப்பில் கீரைத் தட்டு கவிழ்ந்தது.

பிறகு கரண்டு வைத்தார்கள். அது முடிந்து மாதங்கள் ஆகின்றன. தலை இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதில் அண்ணாச்சி தவறுவதில்லை. ஆட்கள்தான் சில நேரம் நழுவிப்போகிறார்கள்.

போன வாரம் திருநெல்வேலி வண்டியில் ஏறினேன். செக்கப்புக்குப் போகிறார்கள் போல, அண்ணாச்சியும் தங்கத்தாயும் ஒரே சீட்டில் இருந்தார்கள். "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் இல்லை. என் முகத்தில் தேடிக்கொண்டே இருந்தார்.

தங்கத்தாய் ஜன்னல் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "தேவர்குளத்துல எறங்காமத் தூங்கி, சங்கரன்கோவில் வரைக்கும் வந்து, இருட்டிட்டுன்னு அழுத காலேஜுப் பையன் நீதான? டீ வாங்கிக் குடுத்துக் கடைசி வண்டியில ஏத்திவிட்டாகளே!"

நான் யாரிடமும் சொல்லாத கதை அது. வெட்கத்தோடு தலையாட்டினேன்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியில் இருந்தவர்கள் பார்க்க, தங்கத்தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.