கண்ணாடி ஆபீஸுக்கு ஒரு பூசணிக்காய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை நிழலில் நிற்கிறேன். எதிரே என் சகலையின் புது ஆபீஸ். இன்று திறப்பு விழா. தங்கை வீட்டு விசேஷம் என்று என் மனைவி காலையிலேயே வந்துவிட்டாள். நான் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட்டுப் போனால்தான் சாப்பாடு இறங்கும்.

சுற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறைகள். நடுவில் இது மட்டும் அடுத்த நூற்றாண்டிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டதுபோல நிற்கிறது. ஜன்னல் இல்லை, சன்ஷேடு இல்லை, மழைத்தண்ணீர்க் குழாய் இல்லை; மேலிருந்து கீழ்வரை நீலக் கண்ணாடி. ஆவடியில் நான் வீடு கட்டும்போது எதற்கெல்லாம் கொத்தனாரோடு சண்டை போட்டேனோ, அதெல்லாம் இல்லாமல் இருப்பதுதான் எதிர்காலம் போலிருக்கிறது.

வாசலுக்கு மேலே மட்டும் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணும் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. அப்பாடா, ஒரு குறை!

"இவ்வளவு கண்ணாடி போட்டுட்டு, கடைசியில பூசணிக்காயா?" என்று டீக்கடைக்காரரிடம் சிரிக்கிறேன்.

"அத்த ஏன் கேக்குற சார்! ஓனரு வேணாம்னுதான் சொன்னாரு. அவரு சம்சாரந்தான் நின்னு கட்ட வச்சிச்சு. அதோட அக்கா ஊட்டுக்காரரு ஒர்த்தரு கீறாராம். பத்திரிகைல இன்னாவோ ஜோக்கு எழுதுவாராம். அவரு கண்ணு பட்டா மொத்தக் கண்ணாடியும் பூடும்னு பயந்துகினு கீது."

என் எழுத்தால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. கண்ணுக்கு இவ்வளவு மரியாதை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்கிறேன்.