சொன்னவர்: தங்கத்தாய்

தங்கத்தாய்க்குப் பேச்சு திக்கும். 'தண்ணி' என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் சொம்போடு வந்து நின்றுவிடுவார். விக்கிரமசிங்கபுரத்தில் இது பால்காரருக்கும் தெரியும், பஸ் கண்டக்டருக்கும் தெரியும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நடந்த அக்கிரமத்துக்கு இதுதான் சாட்சி.

பத்தொன்பது வயதில் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷின் போடும் இரைச்சலில் அங்கே யார் பேசினாலும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒன்று, தலைவலிக்கிறது என்பதற்கு ஒன்று. வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலை இரண்டு தடவை விரித்து மடக்கினால், 'என் பக்கம் இழை அறுந்துபோச்சு, ஓடிவா' என்று அர்த்தம். தங்கத்தாய் கை தூக்கினால் பக்கத்து மிஷின் சொர்ணாம்பாள் ஓடிவருவாள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

வாயில் வராததெல்லாம் தங்கத்தாய்க்குக் கையில் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றை வடித்து இறக்கிவிட்டு, நோட்டை எடுத்து எழுத உட்காருவாள். மில்லில் வேலை பார்த்த மூன்று அக்கா தங்கச்சிகளைப் பற்றி ஒரு நாவல். பதினோரு வருஷம் எழுதினாள். ஒன்பது நோட்டு. அதைப் படித்த ஒரே ஆள் சொர்ணாம்பாள். "ஏட்டி, வாயத் தொறக்க மாட்டேங்க, எழுதி எழுதி என்னைய அழ வைக்கியே" என்று முந்தானையில் மூக்கைச் சிந்துவாள்.

வேலையிலிருந்து நின்றபின் அதைப் புத்தகமாகப் பார்க்க ஆசை வந்தது. பாளையங்கோட்டையில் தேவசிகாமணி அண்ணாச்சி அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் சபை நோட்டீசும் அடிக்கிற இடம்.

"நீயே போடு தாயீ. முன்னூறு காப்பி போதும். ஒம் புஸ்தகம், ஒம் பேரு. ஒருத்தன்கிட்டயும் போயி நிக்காண்டாம்" என்றார் அவர்.

முதல் இருபத்து நான்கு பக்கம் கம்ப்யூட்டரில் ஏறி, தாளில் எடுத்து, அவள் பிழையும் திருத்திக் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் பெருமாள்ராஜ் உள்ளே வந்தான்.

பெருமாள்ராஜ் சொர்ணாம்பாளின் மகன். மில்லில் வேலைக்காரிகளின் பிள்ளைகளைப் போடும் தொட்டிலில் அவன் அழுதால் தங்கத்தாயும் போய் ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். இப்போது கல்லூரியில் தமிழ் வாத்தியார், முனைவர் வேறு.

"என்ன சித்தி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எடத்துலயா நாவல் அடிக்கது? சொந்தமாப் போட்ட புஸ்தகத்த எவன் மதிக்கான்? சென்னையில பெரிய பதிப்பகம் எனக்குப் பழக்கம். வெளிநாட்டுல எழுதுதவங்களுக்கெல்லாம் ஏஜென்ட்டு உண்டு, தெரியுமா? ஒங்களுக்கு நான்தான் ஏஜென்ட்டு."

தங்கத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் தெரியும், பால் ஏஜென்ட் தெரியும், கதைக்குமா ஏஜென்ட்? ஆனால் சொர்ணாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவன் பாத்துக்கிடுவான்ட்டி" என்றாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒன்பது நோட்டையும் பையில் போட்டு அப்படியே கொடுத்தாள். ஒரு ஜெராக்ஸ்கூட எடுக்கவில்லை, பைத்தியக்காரி. அவன் ஒரு தாளை நீட்டினான். மில்லில் கிளார்க் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிய கை, படிக்காமல் போட்டது.

அண்ணாச்சியிடம் அச்சடிக்க வேண்டாம் என்று சொல்லப் போனபோது கூசிப்போனாள். "பாத்து நடந்துக்க தாயீ" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து பாளையங்கோட்டையில் வெளியீட்டு விழா. தங்கத்தாய் புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பட்டுச்சேலையில் சொர்ணாம்பாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள்.

அட்டையில் பெரிய எழுத்தில், 'எழுதியவர்: முனைவர் பெருமாள்ராஜ்'. அதற்குக் கீழே எறும்பு ஊர்வது மாதிரி, 'சொன்னவர்: தங்கத்தாய்'.

உள்ளே புரட்டினாள். அத்தனையும் அவள் வரி. ஒரு கமாகூட மாறவில்லை.

"இ... இ... இது..." என்று அவனைப் பிடித்தாள்.

"பைய, சித்தி, பைய. நாவல்னா பதிப்பகத்துல வேண்டாம்னுட்டாங்க. மில்காரம்மா சொன்னத வாத்தியார் கேட்டு எழுதுனார்னாதான் போடுவோம்னாங்க. நான் என்ன செய்ய? ஒங்க பேரும் இருக்குல்லா? நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயும் அதான இருக்கு?"

பதிப்பகம் பிறகு சொன்ன சங்கதி, நோட்டை வாங்கின அன்றைக்கே தாளில் எப்படி ஏறியது? படுபாவி! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான்.

"நோ... நோட்டு?"

"அது எதுக்கு இனிமே? எங்கயாவது கெடக்கும்."

சொல்லிவிட்டு மேடையேறிவிட்டான். பிறகு அவளையும் மேலே அழைத்து, பொன்னாடை போர்த்தி, 'கதைசொல்லி தங்கத்தாய் அம்மாள் பேசுவார்' என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கதைசொல்லியாம்! தண்ணீர் கேட்கத் தெரியாதவள்!

"நா... நா... நான்..." மைக் அவள் திக்கலை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. சொல்ல நினைத்தது இரண்டே வார்த்தை, 'நான் எழுதினேன்'. இரண்டாவது வரவே இல்லை.

அப்போது கீழே சொர்ணாம்பாளைப் பார்த்தாள். இந்த மண்டபத்தில் உண்மை தெரிந்த இன்னொரு ஜீவன். தங்கத்தாய் மைக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரலை இரண்டு தடவை விரித்து மடக்கினாள்.

சொர்ணாம்பாள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு குனிந்து, மடியில் இருந்த பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"சித்தி உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று பெருமாள்ராஜ் மைக்கை வாங்கிக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் தங்கத்தாய் அந்தப் புத்தகத்தோடு தேவசிகாமணி அண்ணாச்சியின் அச்சகத்தில் போய் நின்றாள். அவர் 'நான் அன்னைக்கே சொன்னேன்லா' என்று குத்திக்காட்டவில்லை. அலமாரியிலிருந்து அந்த இருபத்து நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் அவள் திருத்திய பென்சில் எழுத்து, மேலே தேதி.

"இது மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு. மிச்சமெல்லாம் அவன் பேருல அச்சாயிட்டு. அதுக்கு என்ன செய்ய தாயீ?"

"எ... எழுதுதேன். திரும்ப."

"சரி. இத ஒருக்கா பாத்துக் குடு. மாத்த வேண்டியது இருந்தா மாத்து."

தங்கத்தாய் பேனாவை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபத்து நான்கு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தாள். எதையும் மாற்றவில்லை. கடைசியில் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள். 'என் பக்கத்து மிஷின் சொர்ணாம்பாளுக்கு' என்று அதில் சமர்ப்பணம் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுத் தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தாள்.