பூப்போட்ட கொழுந்துக்கூடை

கரிந்த மூங்கில் மழை ஈரத்தில் ஒரு கசந்த வாடை வீசும்; அதன்மேல் அரைத்த சந்தனத்தைப் பூசினால் வருகிற மணத்தை நான் ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறேன். உருத்திரபுரத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், எழுபத்தேழு இனக்கலவரத்துக்கு அடுத்த ஆண்டு நவராத்திரியில்.

அப்போது எங்கள் வகுப்பில் இருபத்து மூன்று பேர். எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அன்றே உண்டு. பத்தொன்பது பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வயலுக்காக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். நான்கு பேர் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அந்த நால்வரில் லெட்சுமி ஒருத்தி. நாங்கள் வாத்தியாரைச் ‘சேர்’ என்போம், அவள் ‘சார்’ என்பாள். அதற்கே பின்வரிசை வாங்கில் சிரிப்புக் கிளம்பும்.

சித்திரம் படிப்பித்த வாத்தியார் ஒருநாள் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து, கால் உடைந்து உட்கார முடியாத கதிரையொன்றை முகட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த படத்தைக் காட்டி, இதுவும் கலைதான் என்றார்.

“எங்கட கோழிக்கூடும் உப்பிடித்தான் கிடக்கு சேர், அதையும் தூக்கிக் கட்டுவமோ?” என்றான் பின்வரிசை மகேந்திரன்.

“கட்டு. ஆனா அழகோ, வடிவோ எண்டு கேக்காத. பாக்கிறவனை அது என்ன செய்யுது எண்டு கேள்,” என்றார் வாத்தியார். வாணி விழாக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னதும் அன்றுதான்.

லெட்சுமி கொண்டுவந்தது ஒருபக்கம் எரிந்துபோன கொழுந்துக்கூடை. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அவளுடைய தாய் முதுகில் மாட்டியிருந்தது. வாத்தியார் அதை மண்டபத்தின் நடுவே ஆள் நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டார். யாராவது கேட்டால் சொல்வதற்காக, தோய்த்த வெள்ளைச் சட்டையை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு, அவள் அதன் பக்கத்திலேயே நின்றாள்.

ஒருவரும் கேட்கவில்லை. ஆயுதங்களுக்கும் புத்தகங்களுக்கும் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற காலம். வாசலில் சந்தனக் கும்பாவும் பூத்தட்டும் இருந்தன. கூடையும் பூசைக்கு வைத்த தொழிற்கருவிதான் என்று நினைத்து, முதலில் வந்த அம்மா ஒருவர் அதற்குப் பொட்டு வைத்தார். பின்னால் வந்தவர்கள் வரிசையாகப் பூப்போட்டார்கள். மத்தியானத்துக்குள் எரிந்த இடம் முழுதும் செவ்வரத்தம்பூவில் மூடுண்டு போயிற்று. அப்போதுதான் லெட்சுமி கூடையைக் கவிழ்த்துப் பூவையெல்லாம் நிலத்தில் கொட்டினாள்.

“சாமிக்குப் போட்டதைக் கொட்டுறாள், தோட்டக்காட்டுப் புத்தி!” என்று யாரோ கத்தினார்கள். மறுநாள் காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னும் அவள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் பள்ளி அதிபர். அதற்குமுன் தனக்கு ஒரு பாடவேளை தாருங்கள் என்று வாத்தியார் கேட்டு வாங்கினார்.

அந்தப் பாடத்தில் வாத்தியார், சனம் செய்தது பிழையோ என்று எங்களைக் கேட்டார். நான் எழும்பி, “கும்பிட்டது மரியாதைதானே சேர்?” என்றேன்.

“கும்பிட்டுட்டா கேக்க வேணாம்ல. அதுக்குத்தான் கும்பிடுறாங்க,” என்றாள் லெட்சுமி, என்னைப் பாராமலே.

கோழிக்கூட்டுக்காரன் மகேந்திரன் எழும்பினான். “சரி, நான் கேக்கிறன். என்னண்டு எரிஞ்சது?”

அவள் சொன்னாள். அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்ததை, எரிகிற வாசலிலிருந்து தாய் அந்தக் கூடையை இழுத்தெடுத்ததை, அதற்குள் கைக்குழந்தைத் தம்பியை வைத்துத் தேயிலைக்குள் ஒளிந்ததை, வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது தம்பி இல்லை என்பதை. மணி அடித்தது, யாரும் எழும்பவில்லை.

மறுநாள் அவள் மன்னிப்புக் கேட்டாள். “சரஸ்வதியம்மாகிட்ட கேட்டுக்கிறேன்” என்ற ஒரே வசனம், மற்றவர்களிடம் கேட்கவில்லை. அதிபரும் அதோடு விட்டுவிட்டார்.

அந்த மண்டபம் இன்று இல்லை. வாத்தியார் காலமாகிவிட்டார். இருபத்து மூன்று பேரில் எண்ணிப் பார்த்தால் எனக்கு இருக்குமிடம் தெரிந்தவர்கள் ஆறு பேர். லெட்சுமி அவர்களில் இல்லை. வாத்தியார் காட்டியது போன்ற படங்கள் இப்போது பேரப்பிள்ளைகளின் தொலைபேசியில் நூறு நூறாய் ஓடுகின்றன. ஒன்றிலும் விரல் நிற்பதில்லை. இதைச் சொன்னால் எனக்கு எதற்கெடுத்தாலும் புறுபுறுப்பாம்.

போன மாதம் கிளிநொச்சியில் இளம்பிள்ளைகள் வைத்த கண்காட்சிக்குப் போனேன். கடைசி யுத்தத்தில் துளைபட்ட சைக்கிள் ஒன்று தனியே நின்றது. வந்தவர்கள் அதன்முன் கண்ணை மூடி நின்றார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பக்கத்தில் ஒரு பெட்டைப்பிள்ளை நின்றாள்.

“பிள்ளை, இது ஆற்ற சைக்கிள்?” என்று கேட்டேன்.

அவள் என்னையும் என் கைத்தடியையும் பார்த்தாள். “அப்பாவின்ர. சொல்ல நேரமெடுக்கும் ஐயா, கதிரை கொண்டுவரட்டோ?”

“வேண்டாம்,” என்றேன். “நீ சொல்லு.”