ரத்தப்பூ விற்கும் வெல்தா

கணவன் குடித்துவைத்த கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்கிறாள் வெல்தா. புதினா வாசனைதான். அப்படியும் நம்பிக்கை வராமல் அடியில் ஒட்டியிருக்கும் இலையை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். அதுவும் புதினாதான். அடுத்து கணவன் எல்மார்ஸின் கோட்டுப் பைகள், மீன்பிடி சாமான் பெட்டி, ரப்பர் பூட்ஸின் உள்பக்கம். தினமும் விடிந்ததும் இதே வேலை. போலீஸ்காரனுக்குக்கூட வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு.

அவள் தேடுவது சாராயத்தை அல்ல. தானே சந்தையில் விற்கிற ரத்தப்பூவை.

லாத்வியாவில், தல்சி ஊர்ச் சந்தையில், புகைபோட்ட மீன் விற்பவனுக்குப் பக்கத்தில் அவள் கடை. மஞ்சளாகப் பூக்கிற செடிக்கு இப்படியொரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், ஒரு மொட்டைக் கிள்ளி அவர்கள் உள்ளங்கையிலேயே நசுக்கிக் காட்டுவாள். சிவப்பாகச் சாறு வழியும். "ஏசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானோட தலைய வெட்டுனப்ப சிந்துன ரத்தம்ங்கறாங்க. நான் பாக்கல. கையக் கழுவிக்கோ, சட்டையில பட்டா போகாது" என்பாள்.

ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளுக்கு முந்தின நாள், பனி உலர்ந்தபின், உச்சிவெயிலுக்கு முன்னால் பறித்த பூவுக்குத்தான் மவுசு. எண்ணெயில் போட்டு ஜன்னலில் வெயில் காட்டினால் எண்ணெய் செக்கச்செவேலென்று ஆகிவிடும், அது தீப்புண்ணுக்கு. படுக்கையை நனைக்கிற பிள்ளைக்குக் கஷாயம். இடி விழாமலிருக்கக் கூரை இடுக்கில் ஒரு கொத்து. கல்யாணம் கூடிவராத பெண்ணுக்குத் தலையணையடியில் ஒன்று. சூரியன் எட்டிப்பார்க்காத குளிர்காலத்தில் மனசு இருண்டு கிடப்பவர்களுக்கு டீ. "வெள்ளைப் பசுவுக்கு மட்டும் போட்றாதே. வெயில்ல நின்னா தோலு வெந்துபோயிரும்" என்று எச்சரிக்கை வேறு.

இப்போதெல்லாம் பொட்டலத்தைக் கையில் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கிறாள். "மாத்திரை ஏதும் சாப்பிடறியா? என்ன மாத்திரை?" பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"ஏன் வெல்தா, நீ கடை நடத்தறியா, ஆஸ்பத்திரி நடத்தறியா?" என்று மீன்காரன் சீண்டுவான்.

"ரெண்டுமில்லப்பா. ஒரு மனுஷனை நடத்திக்கிட்டிருக்கேன். அதுக்கே முழி பிதுங்குது."

அந்த மனுஷனுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் சத்தம் ஓய்ந்திருக்கும்போது அவன் நெஞ்சுக்குள் அது டிக் டிக்கென்று அடிப்பது அவளுக்கே கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. இந்தப் பூவின் டீயைக் குடித்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். வசந்தத்தில் ஒருநாள் எல்மார்ஸின் வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. வெண்ணெய் என்று சொல்லவந்தவனுக்கு நாக்கு புரளவில்லை. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. "அடுத்த தடவை சரியாகும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். அன்றைக்கே வெல்தா வீட்டிலிருந்த பூ ஜாடிகளையெல்லாம் தூக்கிக் கொட்டினாள். விற்கிற சரக்கு சந்தைக் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது.

"முப்பது வருஷமா குடி குடின்னு என் உயிரை வாங்குனது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?" என்பான் எல்மார்ஸ்.

"நான்தான்."

"அப்ப சொன்னது பொய்யா?"

"அப்ப நெஜம். இப்ப இல்ல."

"பூ மாறலையே, வெல்தா."

"பூ மாறல. நீ மாறிட்டே. நெஞ்சுல இரும்பை வெச்சுக்கிட்டு என்கிட்ட வக்கீல் வாதம் பேசாதே."

அவன் முரட்டுப் பிடிவாதக்காரன் என்றால் அவளும் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பாள். அப்படியில்லை. கல்யாணமான புதிதில், நவம்பர் வந்தால் கட்டில் விளிம்பில் ஒரு காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். அவள் போட்டுக்கொடுத்த டீதான் அவனை எழுப்பி வேலைக்கு அனுப்பியது. பூவை நிறுத்தியதும் டாக்டர் இதற்கென்று வேறு மாத்திரை எழுதித் தந்தார். நாலு நாள் சாப்பிட்டுவிட்டு, தலைக்குள் பஞ்சடைத்தாற்போல் இருக்கிறதென்று நிறுத்திவிட்டான். "மாத்திரை உசுரைப் பிடிச்சு வெச்சிருக்கு, சரி. எந்திரிச்சு நிக்க வெக்கிறது பூதான்" என்கிறான். அது பொய்யுமில்லை. அதுதான் அவளை அலுக்க வைக்கிறது.

திருநாளுக்கு முந்தின வாரம் நர்ஸ் போன் செய்தாள். ரத்தம் மறுபடி கெட்டிப்பட்டிருக்கிறது, வீட்டில் என்னதான் கொடுக்கிறீர்கள் என்று கத்தினாள். வெல்தா ஒன்றும் புரியாமல் விறகுக் கொட்டகைக்குப் போனாள். போன வருஷத்துத் தலைமாலைகளை அங்கேதான் மாட்டிவைத்திருந்தார்கள். இந்த வருஷத் திருநாள் நெருப்பில்தான் அவற்றைப் போடவேண்டும், அதுவரை யாரும் எறியமாட்டார்கள். எல்மார்ஸின் ஓக் இலை மாலை காய்ந்து முழுசாகத் தொங்கியது. அவளுடைய பூ மாலையில் வெள்ளைச் சாமந்தி இருந்தது, புல் இருந்தது, மருந்துக்குக்கூட ஒரு மஞ்சள் இல்லை. டீ போடச் சுத்தமாகக் கிள்ளியிருந்தான். ஜாடி ஜாடியாகக் கொட்டியவளுக்கு மாலை ஞாபகத்துக்கே வரவில்லை. மாலையை யார் மருந்தென்று நினைப்பார்கள்! விறகின்மேல் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

இந்த வருஷம் அவள் வாசலில் பிர்ச் மரக் கிளைகள் மட்டும்தான். திருநாளுக்கு முந்தின சாயங்காலம், சூரியன் லேசில் இறங்காத நேரத்தில், வீடுவீடாகப் பாடிக்கொண்டு வரும் கூட்டம் அவள் வீட்டுக்கும் வந்தது. வீட்டில் என்ன குறையோ அதைப் பாட்டிலேயே இடித்துக்காட்டி, வரிக்கு வரி லீகோ என்று முடிப்பது வழக்கம். பக்கத்து வீட்டு செல்மாவுக்குக் கேட்கவா வேண்டும், விளாசினாள்:

"ஊர் வாசல் எல்லாம் பூ மணக்குது, லீகோ!
பூக்காரி வாசல் மொட்டை அடிச்சிருக்குது, லீகோ!
கொஞ்சம் வெக்காம வித்துத் தின்னாளோ, லீகோ!"

கூட்டம் சிரித்தது. வெல்தா சீரகம் போட்ட சீஸையும் பீரையும் எடுத்து நீட்டினாள். எதிர்ப்பாட்டு பாடித்தான் ஆகவேண்டும், "வாய் நீண்டவளுக்குத் தோட்டம் பூரா களை, லீகோ!" என்று ஒப்புக்கு ஒரு வரி பாடிவைத்தாள். குரலில் ஜீவனே இல்லை.

அப்போது செல்மா முன்னால் வந்து எல்மார்ஸின் தலையில் ஒரு மாலையை வைத்தாள். ஓக் இலைகளுக்கு நடுவே நெருக்கமாக மஞ்சள் பூ. "உன் நெஞ்சுக்கு நல்லதுன்னு நானே பறிச்சுச் சேத்துக் கட்டுனேன்" என்றாள். முகமெல்லாம் பாசம். அவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா? வைத்த மாலையைச் சூரியன் மறுபடி வருகிறவரை கழற்றவும் கூடாது.

எல்லோரும் கைகோத்துப் பாட ஆரம்பித்தார்கள். வெல்தா கணவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாய் லீகோ லீகோ என்று மற்றவர்களோடு பாடிக்கொண்டிருந்தது. கை மேலே போய் ஒரு மஞ்சள் பூவைக் கிள்ளி ஏப்ரன் பைக்குள் போட்டது. இன்னொன்று. இன்னொன்று.

"விடு வெல்தா. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் எல்மார்ஸ் உதடு அசையாமல்.

"பாக்கட்டும்."

அவன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பாட்டுக்கு நடுவே அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் அவளைவிட இரண்டு தலை உயரம். உச்சிக்கு அப்பால் இருந்த பூக்கள் நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. விரல்கள் இலையைத்தான் பிறாண்டின.

எல்மார்ஸ் முழங்காலை மடக்கி, தலையை அவள் பக்கம் தாழ்த்திக் கொடுத்தான்.