சீசனில் வாங்கிய பெட்டி

போன வாரம் ஐந்தருவியில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வேன் அப்போதுதான் வந்து நின்றது. அதன் முன்பக்கத் தகரத்தில் சாரல் விழுந்து ஆவியாகப் போனது. ஓட்டுநர் அதில் சாய்ந்துகொண்டு சிகரெட் பற்றவைத்தார். சூடான இரும்பு, சூடான தூசி, அதோடு சிகரெட். இந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்கு ஒருவர் கழுத்தை நெரிக்கவேண்டும் போல இருந்தது. அந்த ஓட்டுநர் கழுத்தை அல்ல, பாவம். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி கழுத்தை.

பலர் நடுவில் சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிறவள் நான். பஸ்ஸில் கண்டக்டர் மீதி தர மறந்தால் கேட்கமாட்டேன். எனக்குள்ளேயா இத்தனை வருஷமாக இவ்வளவு கோபம் கெடாமல் இருக்கிறது என்று நானே ஆச்சரியப்பட்டேன். ஊறுகாய் போல எண்ணெய் மிதக்க இருக்கிறது.

கல்யாணம் முடிந்த கையோடு மச்சான் சவுதிக்குப் போய்விட்டார். எங்களில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் போன் பண்ணினால் வீடே வரிசையில் நிற்கும். முதலில் மாமி, பிறகு நாத்தனார், பிறகு பிள்ளைகள். என் முறை வரும்போது எல்லோரும் சுற்றி நின்று என் வாயைப் பார்ப்பார்கள். "சாப்ட்டீங்களா?" என்பேன். "சாப்ட்டேன். நீ?" என்பார். "சாப்ட்டேன்." அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

லீவில் வந்தபோது அவருடைய சிநேகிதர் வீட்டுக் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைக் காட்டினார். கோழி அறுக்கிற பக்கமே போகாத நான், அன்று மதியத்துக்குள் ஒரு பட்டாளத்தையே சுட்டுத் தள்ளினேன். மச்சான் அசந்துபோனார். "ஏட்டி, ஒன்ன வீட்டுல வச்சிருக்கதே ஆபத்துல்லா!" என்றார். சவுதியில் அவருடைய அறையில் இருந்த மலையாளத்துக்காரர் ஒருவரிடம் கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு அவர் தூங்குவார். அந்த நேரம் மச்சான் அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே மாடி அறையில் எனக்கொன்று வாங்கிவிட்டால், காதில் மாட்டிக்கொண்டு ஒரே கட்சியில் நின்று விளையாடலாம். பேசலாம். யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள்.

"லைட்டப் பாத்து மயங்கிராத. கிராபிக்ஸ் கார்டு புதுசான்னு கேளு. உள்ள காத்து போவ வழி இருக்கான்னு பாரு" என்று சொல்லி அனுப்பினார். கடையில் சிவப்பும் நீலமுமாக லைட்டைப் பார்த்தவுடன் எல்லாம் மறந்துபோயிற்று.

அப்போது ஆனி மாதம். மேற்கே மலை தெரியாமல் மேகம் கட்டியிருந்தது. கடையும் மேற்குப் பார்த்தது. உள்ளே வருகிற காற்றில் காகிதங்கள் பறந்துவிடாமல் அண்ணாச்சி எதையெதையோ தூக்கி மேலே வைத்திருந்தார்.

"யாருக்கும்மா?" என்றார்.

எனக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. "தம்பிக்கு" என்றேன். பிறந்த வீட்டில் நான்தான் கடைக்குட்டி.

விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, பெட்டியின் தலையில் தட்டிக் காட்டினார். "தொட்டுப் பாருங்க. ஐஸு மாதிரி இருக்குல்லா? புதுக் கார்டு. தம்பி ராத்திரி பகல்னு வெளையாடட்டும், ஒண்ணும் செய்யாது." தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரிதான் இருந்தது. அந்தச் சாரல் காற்றில் மேசையும் ஐஸ் மாதிரி இருந்தது, அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீயும் ஐஸ் மாதிரி ஆகியிருக்கும். சாரல் சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் எதுதான் சூடாகும்? இதைப் பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில் கிடக்கிற நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

ஆனாலும் அந்த மாதங்களைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் மாமி கீழே கண்ணயர்ந்ததும் மாடிக் கதவைச் சாத்துவேன்.

"ஏட்டி, வலது பக்கம்! வலது பக்கம் வருதான்!"

"பாத்துட்டேன் மச்சான், நீங்க குனிங்க!"

குண்டுகளுக்கு நடுவே எல்லாம் பேசினோம். மாமி வைத்த கருவாட்டுக் குழம்பு, அவர் அறையில் மூட்டைப்பூச்சி, வீடு கட்டுகிற யோசனை. ஒருநாள் "நேத்து நீ கெனாவுல வந்தட்டி" என்றார். சுட்டுக்கொண்டே சொன்னதால் அவருக்கும் வெட்கமில்லை, சுட்டுக்கொண்டே கேட்டதால் எனக்கும் இல்லை. நேரில் இருந்தால் இரண்டு பேருமே எழுந்து ஓடியிருப்போம்.

மாசி முடிகிற சமயத்தில் வெயில் ஏறியது. மாடியில் தளம் கொதிக்கும். விளையாட்டு சூடுபிடிக்கும்போது பெட்டி உர்ரென்று இரைந்து, திரை கறுத்து, அணைந்துவிடும். அவர் பேசிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நிற்கும். பெட்டி ஆறுகிறவரை எழுப்பமுடியாது. அங்கே விளையாட்டுக்குள் என் உருவம் மட்டும் மரம் மாதிரி நிற்குமாம். மச்சான் ஓடாமல் என்னைச் சுற்றிச் சுற்றி நின்று சுட்டு, கடைசியில் அவரும் செத்துப்போவாராம். "ஒன்ன விட்டுட்டு எங்கட்டி ஓட?" என்றார் அடுத்த வாரம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி மறுபடியும் அணைந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. சூடு ஏற ஏற அறை முழுக்கச் சிகரெட் வாசனை.

"ஏட்டி, மேல யாரு சிரெட்டு குடிக்குதான்?" என்று மாமி கீழிருந்து கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முழங்கால் வலியோடு படியேறி வந்துவிட்டார். பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.  வாய்விட்டுக் கேட்டிருந்தாலாவது தேவலை. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். புருஷன் ஊரில் இல்லாத பெண்ணின் அறையில் சிகரெட் வாசனை. இது வாசலைத் தாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, சூடாகி அணைஞ்சு போவுது. சிகரெட் வாசன வேற வருது" என்றேன். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அண்ணாச்சி அவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீரா வே! பொட்டி சிரெட்டு குடிக்குதாம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது.

பிறகு என்னிடம் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "ஒங்க வீட்டு சூடும்மா அது. பொட்டி என்ன செய்யும்? தம்பியக் கூட்டிட்டு வாங்க. ஒங்ககிட்ட சொன்னா வெளங்காது."

இல்லாத தம்பிக்கு எங்கே போவேன்? திரும்பவும் போனேன். அதே சிரிப்பு, அதே "தம்பியக் கூட்டிட்டு வாங்க."

அன்று வீட்டுக்கு வந்து, தையல் மிஷின் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைக் கழற்றினேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று நுழைய ஓர் ஊசித்துளைகூட இல்லை. அதற்குப் பின்னால் லைட் போட்ட விசிறிகள் சும்மா அழகுக்குச் சுற்றியிருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கினேன். அதன் தகடுகளுக்கு இடையில் மஞ்சளும் பழுப்புமாகப் பிசின் பிடித்த தூசி. முகர்ந்தேன். ஏதோ பிரவுசிங் சென்டரில் வருஷக்கணக்காகப் புகையைக் குடித்துக் கிடந்த கார்டு. மேலே துடைத்து, புதிது என்று என் தலையில் கட்டியிருக்கிறார்.

நேராகக் கீழே போனேன். "மாமி, இத மோந்து பாருங்க" என்று நீட்டினேன். மாமி முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார். "எந்தப் பேதியில போவான் குடிச்சதோ!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு வித்தவனும் அதுலயே போவான்" என்று சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து மாமி என் கட்சி.

மச்சான் போனில் சொல்லச் சொல்ல, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கே கொசுவலையைக் கட்டினேன். பழைய பிரஷ்ஷால் தூசி தட்டினேன். சவுதியிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பேரீச்சம்பழத்துக்கும் டாங் டப்பாவுக்கும் நடுவில் ஒரு புதுக் கார்டு கொண்டுவந்து தந்தார். மாட்டினேன். கொதிக்கிற மாடியில் ஒரு மதியம் முழுவதும் ஓட்டினேன். பெட்டி அசையவில்லை.

ஆனால் அதற்குள் அந்த மலையாளத்துக்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், கம்ப்யூட்டரோடு. வெள்ளிக்கிழமைகள் முடிந்துபோயின. நாங்கள் மறுபடியும் "சாப்ட்டீங்களா"வுக்குத் திரும்பினோம். எங்களுக்குக் கிடைத்ததே அந்த ஒரு காலம். அதில் கடைசி வெள்ளிக்கிழமைகளை அந்தப் பெட்டி தின்றுவிட்டது. இதற்காகத்தான் அவரை விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

சண்டை போட எனக்கு வராது. அதனால் ஒரே ஒரு காரியம் செய்தேன். பெட்டியை நானே சரிசெய்த கதை தெருவில் பரவி, கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கடையைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்லமாட்டேன். "நல்ல கடைதான், போங்க. ஆனா சீசன்ல வாங்காதீங்க. சித்திரையில மத்தியானம் போய், ஒரு மணி நேரம் வெளையாடிப் பாத்துட்டு வாங்குங்க" என்பேன்.

போனார்கள். பெட்டிகள் வரிசையாக அணைந்தன. அண்ணாச்சி கடைக்கு ஏசி போட்டார். நான் ஆலோசனையைக் கொஞ்சம் திருத்தினேன்: "ஏசிய அமத்தச் சொல்லிட்டு வெளையாடுங்க. முடிஞ்சா கார்டக் கழத்தி மோந்து பாருங்க." கடையில் ஆளாளுக்குக் கார்டை மூக்கில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் நெய்ச்சோறு ஆக்கினேன்.

ஒரு சித்திரை மதியம் அண்ணாச்சியே எங்கள் வாசலில் வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. "ஒங்க வீட்டுத் தம்பியப் பாக்கணும். என் கடையப் பத்தி ஊரெல்லாம் என்னமோ சொல்லிவிடுதாராமே" என்று மாமியிடம் சொன்னார். மாமி வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளிருந்து, "இருங்க அண்ணாச்சி, கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

மெதுவாக மாடிக்குப் போனேன். மெதுவாக இறங்கினேன். அதற்குள் மாமி போகிறபோக்கில் மின்விசிறியை அணைத்துவிட்டு, "கரண்டு இல்ல போலுக்கே" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது.

பத்திரமாக வைத்திருந்த பழைய கார்டை அவர் கையில் கொடுத்தேன். "நாந்தான் அண்ணாச்சி அந்தத் தம்பி. மோந்து பாருங்க."

அவர் முகரவில்லை. முகராமலே அவருக்குத் தெரிந்தது. "என்னம்மா இது... வேணும்னா புதுசு ஒண்ணு மாத்தித் தாரேன்."

"கார்டு இருக்கு. நாலு வெள்ளிக்கிழம இருந்தா தாங்க."

"என்னது? வெளங்கலயே."

"வெளங்காட்டி, வீட்டுல யாராச்சும் தம்பி இருந்தா கூட்டிட்டு வாங்க."

சொல்லிவிட்டேன்.  மாமி திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நான் யோசனை சொல்வதை நிறுத்தவில்லை. அடுத்தடுத்த சித்திரைகளை அந்தக் கடை தாங்கவில்லை. பலகையை இறக்கிய அன்று எதிரே குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். சூடாக பஜ்ஜி வாங்கித் தின்றேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை. அந்த பஜ்ஜியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

கடை இருந்த இடத்தில் இப்போது பழச்சாறு விற்கிறார்கள். அந்த விளையாட்டையும் அதை நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள். நாங்கள் ஒளிந்த சுவரும் அவர் என்னைக் காத்து நின்ற அந்தத் திடலும் இப்போது எங்கேயும் இல்லை. மாமியும் இல்லை. மச்சான் ஊரோடு வந்துவிட்டார். ஒரே வீட்டில், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன்.

வேன்காரர் சிகரெட்டை மிதித்து அணைத்தார். மச்சான் தலை துவட்டிக்கொண்டு மேலே படியில் நின்றார். அவர் எடுத்துப்போனது ஒரு துண்டு, நான் வைத்திருந்தது இன்னொன்று. மாற்றுத் துண்டைக் கொடுக்க ஏறினேன். அருவி இரைச்சலில் அவர் கத்தினார்.

"ஏட்டி, வலது பக்கம்! வலது பக்கம் பாரு, வழுக்கும்!"

சட்டென்று வலது பக்கம் திரும்பினேன். ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. பாசி பிடித்த கல்லும் சாரலும்தான் இருந்தன. சுடுவதற்கு ஒருவரும் இல்லை.