நெஞ்சுப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

என் மனைவி வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நெஞ்சு எக்ஸ்ரே முகாம் நடத்தினார்கள். படத்தைப் படித்துச் சொன்னது செயற்கை நுண்ணறிவு. திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு அது அவளுடைய வலது நுரையீரலில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, கட்டியாக இருக்கலாம் என்றது. நேரத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமைதான் இடம் கிடைத்தது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“இத்தன வெள்ளையா இருந்தா ஏதோ உலோகமுங்க. தாலியக் கழட்டுனீங்களா?”

“அதெப்படீங்க கழட்டறது? முதுகுப் பக்கமாத் தள்ளி உட்டுட்டனுங்க. நெஞ்சைத்தானுங்க படம் புடிச்சாங்க?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எக்ஸ்ரே உடம்பை ஊடுருவிப் போவதால், தாலிக்கயிற்றில் கோத்த தங்கக் குண்டு முதுகில் கிடந்தாலும் படத்தில் விழும் என்றார்.

“கழட்ட வேண்டாங்க்கா, மேல தூக்கிக் கொண்டையில சுத்திக்குங்க” என்றாள் நர்ஸ்.

இரண்டாவது படத்தில் புள்ளி இல்லை. கணினியும் கட்டம் எதுவும் போடவில்லை. டாக்டரம்மா ஒரு முறைக்கு இரு முறை பார்த்து, “ஒண்ணுமில்லீங்க, போய்ட்டு வாங்க” என்றார். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏனுங்க, புள்ளி எனக்கு, சோறு திங்காமக் கெடந்தது நீங்க” என்றாள், தாலியைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டே. “எந்திரிங்க, பசிக்குது.”

கேண்டீனில் நான் ஆறு இட்லி சாப்பிட்டேன்.