குமிழி ஒட்டிய டேப்

அவனுக்குக் குமிழி என்றுதான் பெயர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் மாட்டுகிறவன். வாயைத் திறந்தால், "தண்ணிக்குக் காத்து குடுங்க, இரும்பு தானா வெளிய வந்துரும்" என்பான். இந்த ஒரு வசனத்தை வைத்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டான் ஆசாமி! பொய்யும் இல்லை. போர்வெல் தண்ணீரில் கரைந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்று பட்டால் துருவாகத் திரளும், திரண்டதை மணல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"டேய், உடனே வா. கோட்டெல்லாம் மஞ்சளாப் போச்சு."

அக்கா, வீட்டின் பின்பக்கம் சலவை வேலை எடுத்துச் செய்கிறாள். வருவது ஒரே இடத்துத் துணி, ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டுகள். போன மாதம் கறை விழுந்தபோதே தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று. அதனால்தான் குமிழி அங்கே ஒரு ஃபில்டர் மாட்டிக் கொடுத்தான். இன்றைக்கு நாலு மணிக்கு நாற்பது கோட்டு போக வேண்டும்.

ஓடிப்போய்ப் பார்த்தான். பிளீச் விட்ட முதல் பத்து கோட்டும் டீ கொட்டினது போலக் கிடந்தன. குழாயில் ஒரு டம்ளர் பிடித்தான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"நல்லாத்தானேடா இருக்கு? மிச்சத்தைப் போடறேன்."

"போடாதக்கா! அரைமணி நேரம் பொறு."

"அரைமணியா? விளையாடறியா நீ?"

அரைமணியில் டம்ளர் தண்ணீர் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. ஃபில்டரில் காற்றே படாமல், இரும்போடு வந்த தண்ணீர்! ஆனால் ஃபில்டருக்குக் காற்று ஊதுகிற மோட்டார் என்னவோ ஜோராக உறுமிக்கொண்டுதான் இருந்தது. குமிழி குனிந்து அதன் அடியில் கையை விட்டான். காற்று இழுக்கிற வாயில் கறுப்பு டேப். நேற்று தொட்டியைக் கழுவும்போது ஈரம் உள்ளே போகக் கூடாதென்று அவனே ஒட்டியது. பிரிக்க மறந்து தொலைத்திருக்கிறான், மடையன்.

"என்னடா அது?"

"வாய் அடைச்சிருக்குக்கா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

அக்கா திரும்பி, பின்னால் நின்ற தன் வீட்டுக்காரர், மாமா மேல் பாய்ந்தாள். "மோட்டார் சத்தம் தாங்கலைன்னு தினம் புலம்பினீங்களே, அடைச்சுட்டீங்களா?" மாமா திருதிருவென்று விழித்தார். குமிழி டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு தொட்டியைத் திறந்துவிடப் போனான். வெட்கக்கேடு.

பழைய தண்ணீரை வடித்து, புதுசை மறுபடி டம்ளரில் வைத்துப் பார்த்து, அக்கா மிஷினைப் போடும்போது மணி இரண்டு. முப்பது கோட்டு துவைத்து, உலர்த்தி, தேய்த்தார்கள். மஞ்சளான பத்தை, துருக்கறை எடுக்கிற எலுமிச்சை உப்பில் ஊறவைத்து மூன்று பேருமாகக் கசக்கினார்கள். ஒன்பது தேறியது. ஒன்றின் காலரில் மட்டும் பிடிவாதமாக ஒரு தடம்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் முன்பே தலைமை நர்ஸ் வந்து நின்றார். நேரே அந்தக் காலருக்குத்தான் போனது கை.

"இது என்ன?"

"எங்க வீட்டுக்காரர் தெரியாம ஃபில்டரை அடைச்சுட்டார் சிஸ்டர்" என்றாள் அக்கா. மாமா, பாவம், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலைக் குமிழியால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்லீங்க. நான்தான். டேப் ஒட்டி, எடுக்க மறந்துட்டேன். மதியமே தெரியும். சொல்லலை."

நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"துணி இங்கேயே வரட்டும்மா. ஆனா ஒண்ணு, இனிமே தண்ணியை வேற ஆள் பார்க்கணும். இவர் கை வைக்கக் கூடாது."

குமிழி அக்காவைப் பார்த்தான். 'என் தம்பி சிஸ்டர், நல்லா பார்ப்பான்' என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றான்.

"சரி சிஸ்டர்" என்றாள் அக்கா, யோசிக்கவே இல்லாமல்.